சோவாவின் வாயில் விட்டது

1

"என் பிள்ளை வாயில அன்னிக்கு நீ என்னதான் விட்ட?"

ஒகாய்லே இப்படித்தான் கேட்டாள். அப்போது அவள் கையில் மீன் திருப்பும் கரண்டி இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கெங்கே வாங்க வந்தவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கேள்வி ஷோர்மேக்கு. ஷோர்மே அவளுக்கு நாத்தனார். சோள மட்டையை உரித்து, சோள மாவில் அவித்த சூடான கெங்கே உருண்டைகளை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் குனிந்து இன்னொரு மட்டையை உரித்தாள்.

இந்தக் கதை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. அங்கே சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்ததைத் தவிர இதற்கு வேறு பூர்வீகம் கிடையாது.

முதல் வரி இப்படி இருந்தது: நான் ஒன்றும் விடவில்லை, அண்ணி. 'நான்' என்ற சொல்லைத் தாளில் பார்த்ததும், எழுதுகிறவளுக்கு வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுந்து வாசிக்கச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தை அவள் விட்டதே அப்படி எழுந்து நின்ற ஒரு நாளில்தான். அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'ஷோர்மே' என்று எழுதினாள். கை ஓடியது.

ஆகவே இது ஷோர்மேயைப் பற்றிய கதை. அவள் யார் என்று யாரும் கேட்டுவிட வேண்டாம். கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவாள், கதை நின்றுவிடும்.

2

[தொடக்கம் ஒன்று: விடியலின் பொன்னிறத்தில் கடல் —]

கடல் வேண்டாம். அன்று யாரும் கடலைப் பார்க்கவில்லை.

[தொடக்கம் இரண்டு: பிள்ளை பிறந்த எட்டாம் நாள் அதை முதன்முதலாக வெளியே கொண்டுவருவது எங்கள் வழக்கம். அந்த வழக்கத்தின்படி —]

இது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ('எங்கள்' என்றும் எழுதிவிட்டாள். இருக்கட்டும்.)

சண்டையிலிருந்து தொடங்குவதுதான் சரி. எட்டாம் நாள் விடியலில், பிள்ளையின் நாக்கில் தண்ணீரும் சோள மதுவும் சொட்டுகிறவர் யாரோ, அவருடைய குணம் பிள்ளைக்கு வரும். அதனால் இந்தக் கடலோர ஊரான தேஷியில் எந்த வீட்டிலும் யார் சொட்டுவது என்று கொஞ்சம் சண்டை நடக்கும். ஷோர்மேயின் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே நடந்தது.

"ஓடோய் பெரியப்பாதான் சொட்டணும்," என்றான் லார்ட்டே. அவன் பிள்ளையின் அப்பா, ஷோர்மேயின் அண்ணன். "நம்ம வழியில மூத்தவர் அவருதான்."

"அவரா?" என்றாள் ஒகாய்லே, பிரசவக் களைப்பிலும் குரல் இறங்காமல். "சாவு வீட்ல அவரு மைக்கைப் பிடிச்சா பொணம் எழுந்து காதைப் பொத்திக்கும். அந்தக் குணம் என் பிள்ளைக்கு வேணாம்."

பெரியப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். "வாயாடிக்கு இன்னொரு வாயாடியைப் பிடிக்கலையாக்கும்."

"அதேதான் பெரியப்பா. இந்த வீட்ல கத்துறதுக்கு நான் ஒருத்தி போதும். ஷோர்மே சொட்டட்டும். அவளும் உங்க வழிதானே. அவளை மாதிரி அடக்கமா, பொறுமையா என் பிள்ளை வளரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னப் பெண் சொட்டி யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் குழந்தை பெற்றவள் அடம்பிடிக்கிறாள், விடிந்துகொண்டும் வருகிறது. பெரியப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றார்.

ஷோர்மே பிள்ளையை ஏந்தினாள். தண்ணீரில் விரலை நனைத்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்து, இரண்டாவதுதான் உதட்டைத் தொட்டது. பிள்ளை சப்புக்கொட்டினான். சோவா என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைக்கு அவளுக்கு இருந்தது பயம் இல்லை. இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் எழுதுகிறவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஷோர்மேயிடம் இருக்கிற எதையாவது பிள்ளைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவ்வளவுதான்.

3

சோவா நடந்தான், ஓடினான், மீன் கூடைமேல் ஏறிக் குதித்தான். "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வந்தான். வேண்டியதைக் காட்ட ஆளின் விரலைப் பிடித்து இழுத்துப் போனான். பேசவில்லை. அவனுக்குப் பின் பிறந்த பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை அம்மாவைத் திட்டவே கற்றுக்கொண்டுவிட்டது. இவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அந்தக் கேள்வி பிறந்தது அதற்கு மறுநாள்தான்.

ஆஸ்பத்திரியில் சொன்ன பேச்சுப் பயிற்சி செவ்வாய்க்கிழமைகளில், தேவாலயக் கூடத்தில். செவ்வாயன்று படகு கடலுக்குப் போகாது. மீன் இல்லாத நாளில்தான் எங்கள் அம்மாக்களுக்கு உட்கார நேரம். நடத்துகிறவள் ஆன்ட்டி டெலா. வோல்ட்டா பக்கத்துக்காரி, தாய்மொழி வேறு. எங்கள் மொழியை, சுடுமணலில் நடக்கிறவள்போல் காலைத் தூக்கித் தூக்கிப் பேசுவாள். அம்மாக்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒகாய்லே பிள்ளைக்கு முன்னால் தண்ணீர்க் குவளையை நீட்டினாள்.

"தண்ணின்னு சொல்லு. சொல்லு பார்ப்போம். தண்ணி. சொன்னாத்தான் தருவேன். த...ண்...ணி."

சோவா குவளையைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான்.

"பரீட்சை வைக்காதீங்கம்மா," என்றாள் டெலா. "கீழ உக்காருங்க. உங்க முகம் அவன் முகத்துக்கு நேரா வரட்டும். ஒரே ஒரு தடவ 'தண்ணி'ன்னு நீங்க சொல்லுங்க. அப்புறம் புருவத்தைத் தூக்கிக்கிட்டு அவனைப் பார்த்துக் காத்திருங்க. கை நீட்டினாலும் சரி, சத்தம் போட்டாலும் சரி, அதை அவன் முறையா எடுத்துக்கிட்டுக் குடுத்துடுங்க."

"எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?"

"உங்களுக்குத் தாங்காத அளவுக்கு."

"எனக்கு இப்பவே தாங்கல."

கூடம் சிரித்தது. ஒகாய்லே உட்கார்ந்தாள், சொன்னாள், புருவத்தைத் தூக்கினாள். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம்கூட இல்லை, "ஏண்டா, வாய் இருக்குல்ல உனக்கு?" என்று வெடித்துவிட்டாள். சோவா குவளையை விட்டு ஓடினான்.

டெலா ஷோர்மேயைக் கூப்பிட்டாள். சவுக்கார நுரை இருந்த கிண்ணத்தையும் ஒரு பப்பாளி இலைத்தண்டையும் கொடுத்தாள். ஷோர்மே கீழே உட்கார்ந்து, தண்டை நுரையில் தோய்த்து, "ஊது" என்று சொல்லி ஊதினாள். குமிழிகள் பறந்தன. சோவா ஓடி வந்து உடைத்தான். மறுபடி தோய்த்தாள். "ஊது" என்றாள். இம்முறை ஊதாமல் தண்டை வாயருகே வைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்திக் காத்திருந்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமான காரியமே இல்லை. கூடத்தின் இரைச்சல் எங்கோ போய்விட்டது. சோவா அவள் உதட்டைப் பார்த்தான், கண்ணைப் பார்த்தான், பிறகு அவள் முழங்காலைத் தட்டினான். உடனே ஊதினாள்.

"இப்படித்தான்," என்றாள் டெலா. "தட்டினான் பாருங்க, அது கேள்வி. நாளைக்கு அது சத்தமாகலாம். அப்புறம் சொல்லாகலாம்."

"சும்மா இருந்தே பேச்சு கத்துக்குடுக்கலாம்னா என் நாத்தனா இந்நேரம் பல்கலைக்கழகம் திறந்திருப்பா," என்றாள் ஒகாய்லே. டெலாவும் சிரித்துவிட்டாள். ஷோர்மே குனிந்து நுரையைக் கலக்கினாள். அவளுக்கும் சிரிப்பு வந்ததை யாரும் பார்க்கவில்லை.

எல்லோரும் போனபின் ஒகாய்லே கதவருகில் நின்று மெதுவாகக் கேட்டாள். "ஷோர்மே சொட்டினதாலதானே ஆன்ட்டி?"

"இல்லம்மா. சில பிள்ளைங்களுக்குப் பேச்சு தாமதமா வருது. யாரும் எதுவும் செஞ்சு இப்படி ஆகல. இப்பவே அவன்கூட உக்காந்து விளையாடினா உதவும். ஆனா என்னிக்குப் பேசுவான்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

"யாரும் செய்யலன்னா நான் யாரைத் திட்டுறது?" என்றாள் ஒகாய்லே.

டெலா தரையில் சிந்திய நுரையைத் துடைத்தாள்.

4

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால் ஒகாய்லேயைச் சரியாக எழுதியிருக்கிறதா என்று சந்தேகம் வருகிறது. வாசகர் சந்தேகப்படுவதற்கு முன் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஒகாய்லே இந்தத் தாளில் வெறும் சத்தமாக வந்திருக்கிறாள். கரண்டியும் குரலுமாக. ஒருத்தியைச் சத்தமாக மட்டும் எழுதுவது சுலபம்.

எனவே இதையும் சேர்க்க வேண்டும். ஒரு காலையில் ஷோர்மே விறகு எடுக்கப் பின்பக்கம் போனபோது, ஒகாய்லே தரையில் சோவாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நடுவில் தண்ணீர்க் குவளை. "தண்ணி" என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு பேச்சு வெளியே வந்துவிடாமல் இரண்டு விரலால் தன் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. பிள்ளை குவளையை எடுத்துக் குடித்துவிட்டுப் போனான். அவள் விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஷோர்மே விறகு எடுக்காமல் திரும்பிவிட்டாள்.

(இந்தப் பகுதியை ஒகாய்லே எப்போதாவது படித்தால் கிழித்துவிடுவாள். அவள் படிக்கமாட்டாள். அவளுக்கு வாசிக்க நேரமில்லை.)

அன்று மதியமே அவள் முடிவைச் சொன்னாள். "தகோராடியில என் தம்பி கோட்டே வீடு இருக்கு. வீடு நிறையப் பிள்ளைங்க. அந்த வீட்ல காத்துகூடப் பேசும். ஹோமோவோ திருவிழாவுக்குள்ள இவன் ஒரு வார்த்தை பேசணும். இல்லன்னா நான் இவனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். மீன் அங்கயும் பொரிக்கலாம்."

"எத்தன நாளைக்கு?" என்றான் லார்ட்டே.

"அவன் பேசுற வரைக்கும்."

அவள் ஷோர்மேயைப் பார்க்காமல்தான் சொன்னாள். மொத்தமும் ஷோர்மேக்குத்தான் சொன்னாள் என்பது அடுப்பில் இருந்த சட்டிக்கும் தெரியும்.

5

திருவிழாவுக்கு முன் ஊர் அடங்கும் மாதம் வந்தது. மேளம் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, சாவு வீட்டில் பாட்டும் கூடாது. ஓடோய் பெரியப்பா வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்து பல் குத்தினார். கெங்கே வாங்க வந்தவர்கள், "தடை மேளத்துக்கு மட்டுமா, இல்ல ஒகாய்லேக்கும் சேர்த்தா?" என்று கேட்டார்கள். "எனக்குத் தடை போட வர்றவன் அவன் மீனை அவனே பொரிச்சுக்கட்டும்," என்றாள் அவள். ஆனாலும் மெதுவாகச் சொன்னாள்.

அந்த மாதத்தைப் பற்றித்தான் எழுத ஆசை. கதையில் அதற்கு ஒரு பகுதிதான் கிடைக்கிறது.

மாலையில் அடுப்பு அணைந்தபின் ஷோர்மேயும் சோவாவும் கவிழ்த்துப் போட்ட பழைய படகின் நிழலில் உட்காருவார்கள். கிண்ணம், நுரை, தண்டு. "ஊது." காத்திருப்பு. முழங்காலில் தட்டு. குமிழி. மேளமில்லாத ஊரில் குமிழி உடைவதே காதில் விழும்போல் இருக்கும். அவன் தட்டுவதை நிறுத்தி அவள் உதட்டையே பார்க்கத் தொடங்கினான். அவள் உதடு குவிந்தால் அவன் உதடும் குவிந்தது.

ஒரு நாள் அவள் காத்திருந்தபோது அவன் உதடுகள் கூடின. மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை, மூச்சு மட்டும். அது அவள் மணிக்கட்டில் பட்டது; சூடாக இருந்தது. அவள் ஊதினாள். அவன் சிரித்தான். மறுபடியும் அதே மூச்சு.

அண்ணியிடம் சொல்ல அவள் எழுந்து ஓடி, அடுப்படி வாசலில் நின்றாள். சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒகாய்லே நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன? ஏதாவது சொன்னானா?"

"உதட்டை —"

"சத்தம் வந்துச்சா?"

ஷோர்மே இல்லை என்று தலையாட்டினாள். ஒகாய்லே சட்டிக்குத் திரும்பினாள்.

[அந்த மூச்சு எப்படி இருந்ததென்றால் —]
[அண்ணி, அது வெறும் காற்று இல்லை, அது —]
[அவள் மட்டும் பேசத் தெரிந்தவளாக இருந்திருந்தால் —]

மூன்றும் முடியவில்லை. முடியாமலே இருக்கட்டும். அன்று அடுப்படி வாசலில் நின்றபோதும் அவளுக்கு இப்படித்தான் இருந்தது.

6

இனி முடிவு. எழுதுகிறவளிடம் சில இருக்கின்றன.

முதல் முடிவில், திருவிழாக் காலையில் மேளம் மறுபடி முழங்குகிறது. ஓடோய் பெரியப்பா முன்னோருக்காகச் சோள மாவை முற்றத்தில் தூவுகிறார். கூட்டத்தின் நடுவில் சோவா தெளிவாக, "தண்ணி" என்கிறான். ஒகாய்லே கரண்டியைக் கீழே போடுகிறாள். எல்லோரும் அழுகிறார்கள். இதை எழுதியபோது எழுதுகிறவளும் அழுதாள். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது.

இன்னொன்றில் பெரியப்பாவே பிள்ளை நாக்கில் மறுபடி சொட்டுகிறார். இது முழுக் கற்பனை இல்லை. திருவிழாவுக்கு முந்தின நாள் லார்ட்டே உண்மையாகவே அவரிடம் கேட்டான்.

"இன்னொரு தடவ நீங்க சொட்டிப் பாருங்களேன் பெரியப்பா."

"எட்டாம் நாள் ரெண்டு தடவ வருமாடா? அன்னிக்கு என்னை வேணாம்னீங்க." சொல்லிவிட்டு அவர் கொஞ்ச நேரம் பல் குத்தினார். பிறகு, "அந்தப் புள்ள சொட்டுனதுல ஒண்ணும் குறை இல்ல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற ஷோர்மேக்கு அது கேட்டது. இந்தக் கதையில் அவளுக்காக யாராவது பேசி அவள் காதில் விழுந்த இடம் அது ஒன்றுதான். முடிவாக வைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவளுக்கு வேண்டியது அது இல்லை. அவளுக்கு வேண்டியது சோவா வாயிலிருந்து ஒரு சொல். எந்தச் சொல்லானாலும் சரி. 'போ' என்றாலும் சரி.

கடைசி முடிவில் தகோராடியிலிருந்து தொலைபேசி வருகிறது. மறுமுனையில் ஒரு சின்னக் குரல். அது என்ன சொல்கிறது என்று எழுதப் போனபோது எழுதுகிறவளின் கை நின்றுவிட்டது. அவள் எழுதுகிற எந்தச் சொல்லும் அவளுடைய சொல்லாகத்தான் இருக்கும். அதை அவன் வாயில் வைத்தால், அண்ணி கேட்ட கேள்விக்கு அப்புறம் என்ன பதில் சொல்வது?

அதனால் சோவா இந்தக் கதையில் பேசமாட்டான். அவன் முதல் சொல்லை எழுத இவளுக்கு உரிமை இல்லை. நீங்கள் வேண்டுமானால் அவனுக்காகக் காத்திருங்கள். ஒரு தடவை சொல்லுங்கள், புருவத்தை உயர்த்திக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள். இவளிடம் மிச்சமிருப்பது நடந்தது மட்டும்தான்.

7

திருவிழா முடிந்த மறுநாள் கோட்டேயின் வண்டி வந்தது. மூட்டைகளை ஏற்றினார்கள். எண்ணெய்ச் சட்டியை ஏற்றினார்கள். லார்ட்டே கயிறு கட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். விருந்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முற்றம் நிறைய நின்றிருந்தார்கள்.

சோவாவைக் காணவில்லை.

"எங்க போனான்? டேய் சோவா, வண்டி கிளம்புதுடா," என்று ஒகாய்லே வீட்டைச் சுற்றி வந்தாள். அவள் பின்னால் எல்லோரும் வந்தார்கள்.

அவன் படகு நிழலில் இருந்தான். ஷோர்மே அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வழியனுப்பத் தைரியமில்லாமல் வந்து ஒளிந்திருந்தாள். கிண்ணம் நடுவில் இருந்தது. தண்டு சோவா கையில். அதை நுரையில் தோய்த்தான். தன் வாயருகே வைத்துக்கொண்டான். ஊதவில்லை. ஷோர்மேயை நேராகப் பார்த்து, புருவங்களை உயர்த்தினான்.

காத்திருந்தான்.

ஒகாய்லே வாயைத் திறந்தாள். திறந்தவள், இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

சுற்றிலும் ஆட்கள். ஷோர்மேயின் காது சுட்டது. வகுப்பறை நினைவுக்கு வந்தது. எழுந்து நின்ற கால், கையில் திறந்த புத்தகம், பின் பெஞ்சில் சிரிப்பு. அங்கே யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஆசிரியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். சோவா அடுத்த பெயருக்குப் போகவில்லை. தண்டின் நுனியில் இருந்து நுரை அவன் முழங்காலில் வடிந்தது, அவன் துடைக்கவில்லை. தெருவில் கோட்டே வண்டியின் ஹாரனை அடித்தான். சோவா திரும்பவில்லை. புருவம் இறங்கவில்லை.

"ஊது," என்றாள் ஷோர்மே.

அவ்வளவு பேருக்கும் கேட்டது.

சோவா ஊதினான். ஒரே ஒரு குமிழி, பெரிதாக, ஒழுங்கில்லாமல் ஆடிக்கொண்டே கிளம்பி, ஒகாய்லேயின் முழங்கை வரைக்கும் போய் உடைந்தது. அவன் சிரித்தான். மறுபடி தண்டைத் தோய்த்து, இம்முறை அம்மாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

மறுபடி ஹாரன் கேட்டது. ஒகாய்லே உதட்டிலிருந்து விரலை எடுத்தாள். குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நுரைக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஷோர்மே ஏதாவது வசவு வரும் என்று காத்திருந்தாள். வசவானாலும் பரவாயில்லை என்று இருந்தது. ஒகாய்லே அவளைப் பார்த்தாள்.

பிறகு, கிண்ணத்திலிருந்து நுரை சிந்தாமல் மெதுவாக அடியெடுத்து வைத்து, கூட்டத்தைத் தாண்டி, வண்டியை நோக்கிப் போனாள். ஒரு வார்த்தை பேசவில்லை.